கதை அளப்பதா, கடலை அளப்பதா?

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, உயர்நிலை மூன்றில் படிக்கும் என் தம்பி கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினான். ஒன்றரை நிமிடக் காணொளி. கறுத்த கடல், அடியிலிருந்து பொங்கி எழும் குமிழ்கள், பின்னணியில் திகில் இசை. “கடலுக்கு அடியில் மீத்தேன் வெடிகுண்டு! உலகம் அழிய இன்னும் சில ஆண்டுகள்தான்!” என்ற எழுத்துகளோடு அது முடிந்தது.

“அக்கா, நீ இதைத்தானே படிக்கிற? இது உண்மையா?”

நான் சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. “சும்மா புருடா விடுறாங்கடா” என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவன் முகத்தில் உண்மையான பயம் இருந்தது. அதனால் திருப்பிக் கேட்டேன்: “இதை யார் அளந்தாங்க, எதை வெச்சு அளந்தாங்கன்னு அதுல சொன்னாங்களா?”

“அதெல்லாம் சொல்லல.”

தமிழில் ‘அளப்பது’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை உண்டு. நெல்லையும் நிலத்தையும் அளக்கலாம்; கதையும் அளக்கலாம். ஆழ்கடல் மீத்தேன் விஷயத்தில் இரண்டாவது வகை அளவைதான் நம் கைப்பேசிகளில் நிறைந்து கிடக்கிறது. முதல் வகை அளவையைப் பற்றி இளையர்கள் நாம் அதிகம் பேசுவதில்லை. அதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை. என் கருத்து இதுதான்: ஆழ்கடல் மீத்தேனைக் கண்டு பயப்படுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன், அதை அளக்க வேண்டும். விபத்து நடந்த பிறகு ஓடிப்போய் அளப்பது போதாது. எதுவும் நடக்காத சாதாரண நாள்களிலேயே தொடர்ந்து அளக்க வேண்டும். நம் வட்டாரக் கடல்களிலும் அது நடக்க வேண்டும்.

ஒரு குளத்துக்கு ஒரு சிட்டிகை

முதலில் அடிப்படை. மீத்தேன் என்பது நம் மின்நிலையங்களில் எரியும் இயற்கை எரிவாயுவின் முக்கியப் பகுதி. காற்றில் கலந்தால் அது ஏறத்தாழ 10 முதல் 12 ஆண்டுகளே நீடிக்கும். ஆனால் 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால்தான் 2030க்குள் உலக மீத்தேன் வெளியேற்றத்தை 2020ஆம் ஆண்டு அளவிலிருந்து 30 விழுக்காடு குறைக்கும் உலகளாவிய மீத்தேன் உறுதிமொழியில் சிங்கப்பூர், மலேசியா உட்பட 150க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துள்ளன.

கடலடி மண்ணில் புதைந்த உயிர்ப்பொருள்களை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது மீத்தேன் உருவாகிறது. ஆழத்தின் அழுத்தத்திலும் குளிரிலும் அது நீரோடு சேர்ந்து பனிக்கட்டி போல உறைந்துவிடும். அதற்கு மீத்தேன் ஹைட்ரேட் என்று பெயர். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் கரைந்தால் 160 கன மீட்டருக்கும் அதிகமான வாயு வெளிவரும். காணொளிகளின் ‘வெடிகுண்டு’ இதுதான்.

காணொளிகள் சொல்லாத பாதி ஒன்று உண்டு. கடலடி மண்ணில் உருவாகும் மீத்தேனின் பெரும்பகுதியை அங்கேயே வாழும் நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. தப்பி வரும் குமிழ்களும் ஆழமான நீரில் மேலே ஏறும் வழியிலேயே கரைந்துவிடுகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லியன் டன் மீத்தேன் காற்றில் கலக்கிறது. அதில் கடலின் பங்கு 6 முதல் 12 மில்லியன் டன் வரைதான் என்று 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதிலும் பெரும்பகுதி, கரையோரத்து ஆழமற்ற நீரிலிருந்து வருவது.

ஆக, ஆழ்கடலில் நாம் அளக்க வேண்டியது குமிழ்களை மட்டுமல்ல. கண்ணுக்குத் தெரியாமல் நீரில் கரைந்திருக்கும் மீத்தேனையும்தான். அது எவ்வளவு குறைவு தெரியுமா? சாதாரண கடல்நீரில் ஒரு லிட்டருக்கு 2, 3 நானோமோல் இருக்கும். இந்த எண் எனக்கும் முதலில் புரியவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2.5 மில்லியன் லிட்டர் கொள்ளும் ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளத்தைக் கடல்நீரால் நிரப்பினால், அதில் உள்ள மொத்த மீத்தேன் சுமார் 0.1 கிராம். சமையலில் போடும் ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. கடலடி வாயு ஊற்றுக்கு அருகில் இதுவே பல நூறு மடங்கு கூடலாம். அந்த வேறுபாட்டை 1,000 மீட்டருக்குக் கீழே, 100 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில், இருட்டில், ஒரு கருவி கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த எண் எந்த நிமிடத்துத் தண்ணீர்?

பழைய முறை எளிமையானது. கப்பலிலிருந்து குப்பிகளை இறக்கி, வேண்டிய ஆழத்தில் மூடி, மேலே கொண்டு வந்து ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது. நம்பகமான முறைதான், ஆனால் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, மீத்தேன் மிகுந்த ஊற்றருகே எடுத்த நீரை மேலே தூக்கும்போது அழுத்தம் குறைந்து, சோடா போத்தலைத் திறந்ததுபோல வாயு வெளியேறிவிடும். இரண்டு, ஒரு பயணத்தில் சில பத்து அல்லது சில நூறு குப்பிகள்தான் எடுக்க முடியும். ஒரு குப்பிக்கும் அடுத்த குப்பிக்கும் இடையே என்ன இருந்தது என்பது ஊகம்தான்.

அதனால்தான் அளக்கும் கருவியையே கீழே அனுப்புகிறார்கள். இத்தகைய உணர்கருவிகள் பலவற்றில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். அது தண்ணீரைத் தடுத்து, கரைந்த வாயுவை மட்டும் உள்ளே விடும். உள்ளே வந்த வாயுவின் மீது அகச்சிவப்பு ஒளியையோ லேசர் ஒளியையோ பாய்ச்சுவார்கள். மீத்தேன் குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் உறிஞ்சும். எவ்வளவு ஒளி குறைந்தது என்பதை வைத்து எவ்வளவு மீத்தேன் இருக்கிறது என்று கணக்கிடலாம்.

கேட்க எளிதாக இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன், கடந்த விடுமுறையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைப்பயிற்சிக்குச் சேரும்வரை. கடலுக்குப் போகும் அதிர்ஷ்டம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு தொட்டி, ஒரு உணர்கருவி, ஒரு கணினி. தெரிந்த அளவு மீத்தேனைத் தண்ணீரில் கரைத்து, கருவி சரியான எண்ணைக் காட்டுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. நாள் முழுக்க அதுதான்.

மீத்தேனைச் சேர்த்ததும் எண் உடனே ஏறவில்லை. சவ்வு வழியாக வாயு மெல்ல நுழைய வேண்டும் அல்லவா? முழு அளவைக் காட்ட ஏறக்குறைய கால் மணி நேரம் ஆனது. நல்ல தண்ணீருக்கு மாற்றினால் எண் இறங்க அதைவிட அதிக நேரம். இது தெரியாமல் முதல் வாரம் முழுவதும் திரையில் தெரிந்த எண்ணை அந்தந்த நிமிடத்துக்கு நேராக எழுதி, அழகான அட்டவணை ஒன்றைத் தயாரித்தேன். என் மேற்பார்வையாளர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான்: “இந்த எண் எந்த நிமிடத்துத் தண்ணீரைச் சொல்கிறது?”

என்னிடம் பதில் இல்லை. அட்டவணையை முதலிலிருந்து போட்டேன்.

தொட்டியில் அது ஒரு வார வேலை வீணானதோடு முடிந்தது. கடலில் அப்படி முடியாது. நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நகரும் ஒரு நீரடி இயந்திரத்தில் பத்து நிமிடம் தாமதிக்கும் உணர்கருவியைப் பொருத்தினால், எண் தெரியும்போது இயந்திரம் 300 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். கசிவு ஓரிடத்தில் இருக்க, வரைபடம் வேறோர் இடத்தைக் காட்டும். ஊற்றைத் தாண்டிய பிறகும் எண் இறங்காததால், சிறிய கசிவு பெரிய பரப்பாகத் தெரியும். இதனால்தான் விரைவாக அளக்கும் கருவிகளுக்காக ஆய்வாளர்கள் மெனக்கெடுகிறார்கள். பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் உருவாக்கிய லேசர் கருவி, அரை நிமிடத்துக்குள் அளவைக் காட்டிவிடும். அதை 2015இல் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே கடலில் இழுத்துச் சென்றபோது, சில பத்து மீட்டர் இடைவெளிக்குள்ளேயே மீத்தேன் அளவு பெரிதும் மாறுவது தெரிந்தது. ஒன்றுக்கொன்று தொலைவில் எடுத்த குப்பிகளில் தெரியாத விவரம் அது.

பயத்தைத் திருத்திய எண்கள்

அதே ஸ்வால்பார்ட் கடலுக்கு இன்னொரு கதையும் உண்டு. 2008இல் அங்கு சென்ற ஓர் ஆய்வுக் கப்பல், கடலடியிலிருந்து எழும் 250க்கும் மேற்பட்ட குமிழ்த் தூண்களைக் கண்டது. அந்தப் பகுதியின் நீர் 30 ஆண்டுகளில் ஒரு பாகை சூடாகியிருந்தது. வெப்பம் கூடியதால் ஹைட்ரேட் கரையத் தொடங்கிவிட்டதோ என்ற ஐயம் எழுந்தது. நியாயமான ஐயம்தான். ஆனால் 2014இல் வெளியான ஆய்வு, கசிவுகளைச் சுற்றி உருவான கார்பனேட் பாறைப் படிவங்களின் வயதைக் கணித்தது. அங்கே குறைந்தது 3,000 ஆண்டுகளாக மீத்தேன் கசிந்து வருகிறது என்று தெரியவந்தது. குமிழ்கள் உண்மை, சூடேறியதும் உண்மை. ஆனால் அந்தக் கசிவு நேற்று தொடங்கியது அல்ல.

சைபீரியாவுக்கு வடக்கே உள்ள ஆழமற்ற கடலிலும் இதே போன்ற நிலைமைதான். அங்கிருந்து ஆண்டுக்கு 8 மில்லியன் டன் மீத்தேன் வெளியேறுவதாக 2010இலும், 17 மில்லியன் டன் என்று 2014இலும் மதிப்பீடுகள் வந்தன. இடையில், 2013இல், 50 பில்லியன் டன் மீத்தேன் அங்கிருந்து வெளியேறினால் உலகப் பொருளியல் என்னவாகும் என்று ஒரு கட்டுரை கணக்கிட்டது. ‘வெடிகுண்டு’ என்ற சொல் பரவ அதுவும் காரணம். பிறகு கப்பலில் சென்று தொடர்ச்சியாக அளந்த குழு ஒன்று, ஆண்டுக்குச் சுமார் 3 மில்லியன் டன் என்று 2016இல் அறிவித்தது. ஹைட்ரேட் கரைவதால் இந்த நூற்றாண்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்று பருவநிலை மாற்றத்துக்கான அரசாங்கங்களுக்கிடையிலான குழுவும் 2021 அறிக்கையில் கூறியது.

இதைப் படித்துவிட்டு, “அப்படியென்றால் கவலை வேண்டாம், அளக்கவும் வேண்டாம்” என்று முடிவு செய்தால் அது தலைகீழ்ப் பாடம். பயம் குறைந்தது யாரோ ஆறுதல் சொன்னதால் அல்ல. குளிரில் கப்பலேறிப் போய்ச் சலிக்காமல் அளந்தவர்களால் குறைந்தது.

பாட்டியின் நோட்டுப் புத்தகம்

அளவே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு மெக்சிகோ வளைகுடா சாட்சி. 2010 ஏப்ரல் 20ஆம் தேதி டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 ஊழியர்கள் மாண்டனர். சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் உடைந்த கிணற்றிலிருந்து ஜூலை 15 வரை எண்ணெயும் வாயுவும் பீறிட்டன. மீத்தேனின் பெரும்பகுதி மேலே வரவில்லை. 1,000 மீட்டர் ஆழத்தை ஒட்டி நீரில் கரைந்து மிதந்தது. அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலியல் கழக ஆய்வாளர்கள், சென்ட்ரி என்ற தானியங்கி நீரடிக் கலத்தில் உணர்கருவியைப் பொருத்தி அனுப்பினர். 1,100 மீட்டர் ஆழத்தில் 35 கிலோமீட்டருக்கும் அதிகமாக நீண்ட எண்ணெய், வாயு மேகத்தை அது கண்டுபிடித்தது.

அந்த மீத்தேன் என்ன ஆனது? நீரில் ஆக்சிஜன் குறைந்திருந்ததைக் கொண்டு, நுண்ணுயிர்கள் ஏறத்தாழ 120 நாளில் முழுவதையும் தின்றுவிட்டன என்று 2011 தொடக்கத்தில் ஒரு குழு அறிவித்தது. அதை ஏற்க முடியாது, கணக்கில் நிச்சயமின்மை அதிகம் என்று இன்னொரு குழு அதே ஆண்டில் மறுத்தது. இரு தரப்பும் திறமையானவர்கள்தான். ஆனால் அந்த வளைகுடாவில் இயற்கையான கசிவுகளும் ஏராளம். விபத்துக்கு முன்பே அந்த ஆழத்தில் தொடர்ச்சியாக அளந்து வைத்திருந்தால், எது வழக்கமானது, எது விபத்தால் வந்தது என்ற சச்சரவின் ஒரு பகுதியாவது குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எங்கள் வீட்டில் பாட்டி தினமும் காலையும் மாலையும் இரத்த அழுத்தத்தை அளந்து, என் பழைய கணக்கு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார். “என்ன பாட்டி, தினமும் ஒரே நம்பரைத்தானே எழுதுறீங்க?” என்று நாங்கள் கேலி செய்வோம். ஒருநாள் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் முதலில் கேட்டது அந்தப் புத்தகத்தைத்தான். அன்றைய எண் மற்றவர்களுக்குச் சாதாரணம், பாட்டிக்கு அல்ல என்று பக்கங்களைப் புரட்டிப் பார்த்துத்தான் சொன்னார். சலிப்பூட்டிய அத்தனை எண்களும் அந்த ஒரு நாளுக்காகத்தான் எழுதப்பட்டனபோல.

நம் கடலுக்கும் அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். இது நமக்குத் தொடர்பில்லாத விஷயம் அல்ல. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அதில் ஒரு பகுதி, கடலடிக் குழாய்கள் வழியாக வருகிறது. இந்தோனீசியாவின் மேற்கு நாத்துனாவிலிருந்து வரும் குழாய் மட்டும் ஏறத்தாழ 640 கிலோமீட்டர் நீளம். சாபா கரைக்கு அப்பால் 1,200, 1,300 மீட்டர் ஆழத்தில் மலேசியாவின் கிக்கே, குமுசுட்-காக்காப் எண்ணெய் வயல்கள் இயங்குகின்றன. வடமேற்கு போர்னியோ கடலடியில் ஹைட்ரேட் இருப்பதும் பதிவாகியுள்ளது. தென்சீனக் கடலின் வடபகுதியில், ஹைனான் தீவுக்குத் தெற்கே, ஏறத்தாழ 1,400 மீட்டர் ஆழத்தில் ஹைமா என்ற மீத்தேன் ஊற்றுப் பகுதியைச் சீன ஆய்வாளர்கள் 2015இல் கண்டறிந்து, தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். தெற்கே இருக்கும் நமக்கும் அதே முனைப்பு வேண்டும்.

செலவு அதிகமாகுமே என்று கேட்கலாம். ஆழ்கடல் ஆய்வுக் கப்பலின் ஒருநாள் செலவு எந்தப் பல்கலைக்கழகத்தையும் யோசிக்க வைக்கும் என்பது உண்மைதான். பருவநிலைக்கு ஆழ்கடல் மீத்தேனைவிடக் குப்பைக் கிடங்கும் கால்நடையும் எரிவாயுக் கசிவும் பெரிய பிரச்சினை, பணத்தை அங்கே செலவிடலாம் என்றும் வாதிடலாம். இதிலும் நியாயம் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. ஜெர்மனிக்கும் ஃபின்லாந்துக்கும் இடையே ஓடும் ஃபின்மெய்டு என்ற சரக்கு, பயணிகள் கப்பலில் 2009 முதல் மீத்தேன் அளக்கும் கருவி ஒன்று இயங்கி வருகிறது. கப்பல் தன் பிழைப்பைப் பார்க்கிறது. கருவி மேற்பரப்பு நீரை அளந்துகொண்டே போகிறது. 2022 செப்டம்பர் 26ஆம் தேதி அதே பால்டிக் கடலில் நோர்ட் ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாய்கள் உடைந்தபோது, அந்தக் கடலின் ‘சாதாரண நாள்’ எப்படி இருக்கும் என்பது ஏற்கெனவே பதிவில் இருந்தது.

உலகின் மிகப் பரபரப்பான கப்பல் பாதைகளில் ஒன்று நம் வாசலில் இருக்கிறது. ஒரு கப்பலில் ஒரு கருவி என்று தொடங்கலாம். அடுத்து, எண்ணெய் நிறுவனங்கள் துளையிடும் முன்னும், கிணற்றை மூடிய பின்னும் எடுக்கும் கடல்நீர் அளவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். மூன்றாவதாக, உணர்கருவிகளைச் சோதித்துத் திருத்தும் வேலையை நம் மாணவர்களிடம் தரலாம். சிங்கப்பூரில் செயிண்ட் ஜான்ஸ் தீவில் தேசிய கடல்சார் ஆய்வுக்கூடம் இருக்கிறது. மலேசியாவில் திரெங்கானு, சாபா பல்கலைக்கழகங்களில் கடல் ஆய்வுக் கழகங்கள் உள்ளன. கடலுக்குப் போகும் கருவி ஒவ்வொன்றும் முதலில் ஒரு தொட்டியில் இறங்கியாக வேண்டும். அதற்குப் பொறுமையுள்ள இளையர் தேவை.

பொறுமை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்று நாம் எல்லாரும் ஓடுகிறோம். அந்தத் தரவு எங்கிருந்து வருகிறது என்று அதிகம் கேட்பதில்லை. வேலைப்பயிற்சி முடிந்து வந்தபோது, “மூன்று மாதமாகத் தொட்டியையா பார்த்துக்கொண்டிருந்தாய்?” என்று நண்பர்கள் சிரித்தார்கள். ஆமாம், தொட்டியைத்தான் பார்த்தேன். கருவி தவறான எண்ணைத் தந்தால், எவ்வளவு திறமையான கணினி நிரலும் அந்தத் தவறைத்தான் விரைவாகக் கணக்கிடும்.

தொடக்கக் கல்லூரியிலும் பல்துறைத் தொழிற்கல்லூரியிலும் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். அடுத்த முறை பருவநிலை பற்றி ஒரு பெரிய எண்ணைப் பார்த்தால், அதை நம்புவதற்கும் கேலி செய்வதற்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். யார் அளந்தார்கள்? எந்தக் கருவியால்? முன்பு எவ்வளவு இருந்தது? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால், எண் பயமுறுத்தினாலும் மதித்துக் கேளுங்கள். பதில் இல்லையென்றால், எவ்வளவு இனிப்பான செய்தியாக இருந்தாலும் சற்றுத் தள்ளி வையுங்கள்.

அன்றிரவு தம்பியிடம் இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அவனுக்கு முழுவதும் புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் சென்ற வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு காணொளியைப் பகிர்ந்தார். கடல் மட்டம் பற்றியது, அதே திகில் இசை. அதற்குக் கீழே தம்பி எழுதியிருந்தான்: “சித்தப்பா, இதை எதை வெச்சு அளந்தாங்களாம்?”

சித்தப்பா இன்னும் பதில் போடவில்லை.